பத்து விழுக்காடு: மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிங் வாரம்

2014 ஜனவரி 20, திங்கட்கிழமை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் நகரத்தில் உள்ள ஹில் அரங்கில் மார்ட்டின் லூதர் கிங் நினைவுச் சொற்பொழிவு நடந்தது. பேச வந்தவர் ஹாரி பெலஃபாண்டே. பாடகராகவும் நடிகராகவும் உலகம் அவரை அறியும். கிங்கின் குடும்பத்துக்கு அவர் அதைவிட நெருக்கமானவர். 1963இல் பர்மிங்காம் போராட்டத்தில் சிறைப்பட்டவர்களைப் பிணையில் எடுக்கப் பணம் திரட்டிக் கொடுத்தவர். அவர் பேசிய அதே நாளில், அதே அரங்கின் வாசல் படிக்கட்டில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர் சங்கத்தினர் நின்று ஏழு கோரிக்கைகளை வாசித்தார்கள். நிர்வாகத்துக்கு அவர்கள் கொடுத்த கெடு ஏழு நாள்.

வளாகத்தின் மையப் பகுதியில் கட்டுப்படியாகிற வாடகையில் தங்குமிடம், பன்முகப் பண்பாட்டு மையத்துக்குப் புதிய கட்டடம், அவசர உதவித்தொகை என்று கோரிக்கைகள் நீண்டன. அவற்றில் ஒன்று எண்ணால் ஆனது: கறுப்பின மாணவர்களின் பங்கை 10 விழுக்காடாக உயர்த்த வேண்டும். வாசித்தவர்களுக்கு அன்று இருபது வயதை ஒட்டி இருக்கும். அந்த எண்ணுக்கு வயது நாற்பத்து நான்கு. 1970இல் இதே பல்கலைக்கழகத்தில் இதே எண்ணைக் கேட்டு மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள்.

ஒரு தலைவரைப் பல்கலைக்கழகம் ஒன்று ஆண்டுதோறும் கொண்டாடுவது என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பத்து விழுக்காட்டைப் பின்தொடர்ந்து போவதுதான் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. கிங் மிச்சிகனில் படித்தவரல்ல. மோர்ஹவுஸ் கல்லூரி, குரோசர் இறையியல் கல்லூரி, 1955இல் முனைவர் பட்டம் தந்த பாஸ்டன் பல்கலைக்கழகம் ஆகியவைதான் அவரை உரிமையோடு சொந்தம் கொண்டாடக்கூடியவை. ஆனால், அவரைக் கொண்டாடுவதன் உள்முரண்கள் வெளிப்படையாகத் தெரியும் இடம் ஆன் ஆர்பர்.

நிகழ்ச்சிகளின் வடிவம் இதுதான். ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை கிங் பிறந்தநாள் விடுமுறை. அன்று வகுப்புகள் இல்லை. காலையில் ஹில் அரங்கில் முதன்மை உரை. 1913இல் கட்டப்பட்ட அந்த அரங்கில் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு பேர் அமரலாம். அதன் பிறகு சட்டத்துறை, மருத்துவத்துறை, பொறியியல், வணிகவியல், நூலகம் என்று ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே உரைகள், திரையிடல்கள், விவாதங்கள் நடத்துகின்றன. பள்ளிச் சிறுவர்களுக்கும் நிகழ்ச்சி உண்டு. பேச்சுவழக்கில் வாரம் என்றாலும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மாதம் முழுக்கப் பரவிவிடுகின்றன. 1987ஐ முதலாவதாகக் கொண்டு இந்தக் கருத்தரங்கை எண்ணி வருகிறார்கள். பெலஃபாண்டே பேசியது இருபத்தெட்டாவது.

கிங் பிறந்தநாள் தேசிய விடுமுறையானது தானாக நடந்ததல்ல. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸ் நகரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கே நாட்களில், டெட்ராய்ட் தொகுதியின் உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் நாடாளுமன்றத்தில் விடுமுறை மசோதாவை முன்வைத்தார். அது சட்டமாகப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. 1979இல் கீழவையில் ஐந்து வாக்குகள் குறைந்ததால் தோற்றது. மிச்சிகனில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்த ஸ்டீவி வொண்டர் அதற்காகவே ஒரு பாட்டு எழுதி ஊர் ஊராகப் பாடினார். அறுபது லட்சம் கையெழுத்துகள் திரண்டன. 1983 நவம்பர் 2 அன்று ரொனால்ட் ரீகன் கையொப்பமிட்டார். முதல் விடுமுறை 1986 ஜனவரி 20. அதன் பிறகும் அரிசோனா மக்கள் 1990 வாக்கெடுப்பில் அந்த விடுமுறையை நிராகரித்தார்கள். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியை அந்த மாநிலத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றிவிட்ட பிறகு, 1992இல்தான் இணங்கினார்கள். மிசிசிப்பியும் அலபாமாவும் கிங்கின் நாளை, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதி ராபர்ட் லீயின் பிறந்தநாளோடு சேர்த்தே கொண்டாடுகின்றன.

இந்தப் பின்னணியை மறந்துவிட்டால், கிங் எப்போதும் எல்லோராலும் நேசிக்கப்பட்டவர் என்ற பிழையான எண்ணம் வந்துவிடும். 1966இல் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அவரைப் பற்றி நல்லெண்ணம் இல்லை என்று சொன்ன அமெரிக்கர்கள் 63 விழுக்காடு. 2011இல் அதே நிறுவனம் கேட்டபோது நல்லெண்ணம் உண்டு என்றவர்கள் 94 விழுக்காடு. இடையில் மாறியது மக்களின் மனமா, அவர்கள் மனத்திலிருந்த கிங்கா என்ற கேள்வியை இந்த வகை வாரங்கள் அனைத்தின் முன்னும் வைக்க வேண்டும்.

உயிரோடிருந்த கிங்குக்கு மிச்சிகன் மாநிலத்தோடு இருந்த உறவு அதற்குப் பாதி விடை தருகிறது.

1962 நவம்பர் 5 அன்று அவர் ஆன் ஆர்பருக்கு வந்து இதே ஹில் அரங்கில் பேசினார். ஜார்ஜியாவின் ஆல்பனி நகரில் ஓராண்டு போராடி, நினைத்தது கைகூடாமல் திரும்பியிருந்த நேரம். பர்மிங்காம் இன்னும் வரவில்லை. ஒரு மாதத்துக்கு முன்புதான் ஜேம்ஸ் மெரிடித் என்ற ஒற்றைக் கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்வதற்காக ராணுவம் இறங்க வேண்டியிருந்தது. கலவரத்தில் இருவர் இறந்தார்கள். அப்படிப்பட்ட வேளையில் வந்த ஒரு முப்பத்து மூன்று வயது போதகரின் வருகையைப் பல்கலைக்கழகம் பிறகு ஏறக்குறைய மறந்தே போனது. அந்த நாளின் புகைப்படங்கள் பென்ட்லி வரலாற்று ஆவணக் காப்பகத்திலிருந்து மீண்டும் வெளிச்சத்துக்கு வர அரை நூற்றாண்டு ஆனது.

அடுத்த ஆண்டு 1963 ஜூன் 23 அன்று டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் லட்சத்துக்கும் அதிகமான மக்கள் கிங்கோடு நடந்தார்கள். நடை முடிந்த கோபோ அரங்கில் தன் கனவைப் பற்றிய பேச்சின் முந்தைய வடிவத்தை அவர் பேசினார். வாஷிங்டனில் உலகம் கேட்ட பேச்சுக்கு இரண்டு மாதம் முன்பே டெட்ராய்ட் அதைக் கேட்டுவிட்டது.

1965 மார்ச் 24 இரவு இன்னொன்று நடந்தது. வியட்நாம் போரை எதிர்த்த மிச்சிகன் பேராசிரியர்கள் ஒருநாள் வகுப்புகளை நிறுத்திப் போரைப் பற்றி மட்டும் பேசத் திட்டமிட்டார்கள். வகுப்பை நிறுத்துவதா என்று மாநில ஆளுநரும் சட்டமன்றமும் கொதித்தனர். பேராசிரியர்கள் ஒரு மாற்றுவழி கண்டார்கள். பகலில் வழக்கம்போல் பாடம் எடுப்போம், இரவு முழுக்கக் கற்பிப்போம் என்றார்கள். சுமார் மூவாயிரம் பேர் விடியும் வரை ஏஞ்சல் மண்டபத்தில் இருந்தார்கள். வெடிகுண்டு மிரட்டலும் வந்தது. டீச்-இன் என்று உலகப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் பின்னர் எடுத்துக்கொண்ட போராட்ட வடிவம் பிறந்தது அந்த இரவில். அவர்கள் கலைந்து சென்ற 25ஆம் தேதி பகலில்தான் செல்மாவிலிருந்து புறப்பட்ட கிங்கின் நடைப்பயணம் அலபாமாவின் தலைநகர் மாண்ட்கமரியை அடைந்தது. அன்றிரவு, நடந்து வந்தவர்களைக் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த வயோலா லியூட்ஸோவை கூ கிளக்ஸ் கிளான் கும்பல் சுட்டுக் கொன்றது. டெட்ராய்ட்டில் வசித்த வெள்ளையினப் பெண் அவர். ஐந்து பிள்ளைகளின் தாய். வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்.

ஒரு நாள் வகுப்பை நிறுத்துவது 1965இல் ஆட்சியாளர்களைக் கொதிக்கவைத்த செயல். இன்று கிங்கின் பெயரால் அதே பல்கலைக்கழகம் தானே வகுப்பை நிறுத்துகிறது. அதுவும் அந்த டீச்-இன் வழியில் வந்ததுதான் என்று நான் கருதுகிறேன். ஆனால், இடையில் ஒரு நீண்ட சண்டை இருக்கிறது.

சண்டைக்குப் போகும் முன் கடைசியாக ஒரு மிச்சிகன் காட்சி. 1968 மார்ச் 14. டெட்ராய்ட்டை ஒட்டிய க்ரோஸ் பாயிண்ட் என்ற வெள்ளையர்களின் செல்வப் புறநகர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். வளமான அமெரிக்காவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் இன்னொரு அமெரிக்காவைப் பற்றி, அதன் வேலையின்மையையும் குடிசைகளையும் பற்றி கிங் பேசினார். கூட்டத்திலிருந்தவர்கள் திரும்பத் திரும்பக் குறுக்கிட்டுக் கூச்சலிட்டார்கள். துரோகி என்றும் கத்தினார்கள். அவர் கொல்லப்பட அப்போது மூன்று வாரங்களே இருந்தன. மிச்சிகன் கொண்டாடும் கிங்கை மிச்சிகன் கடைசியாக வரவேற்ற விதம் இது.

1970இல் மிச்சிகன் மாநில மக்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 11 விழுக்காடு. மாநில அரசின் முதன்மைப் பல்கலைக்கழகத்தில் அவர்கள் சுமார் 3 விழுக்காடுதான். டெட்ராய்ட்டிலிருந்து ஆன் ஆர்பருக்கு எழுபது கிலோமீட்டர்தான்; இருந்தும் அந்த நகரத்தின் பிள்ளைகள் அங்கே அபூர்வம். அந்த மார்ச் மாதத்தில் கறுப்பின மாணவர்கள் கூட்டாக எழுப்பியதுதான் பிளாக் ஆக்‌ஷன் மூவ்மென்ட், சுருக்கமாக பாம். 1973க்குள் 10 விழுக்காடு என்பது முதன்மைக் கோரிக்கை. வெள்ளையின மாணவர்களும் ஆசிரியர்களில் ஒரு பகுதியினரும் சேர்ந்துகொண்டார்கள். உணவுக்கூடத் தொழிலாளர்கள் மறியல் கோட்டைத் தாண்ட மறுத்தார்கள். வகுப்பறைகள் வெறிச்சோடின. பத்து நாட்களுக்கும் மேல் நீடித்த வேலைநிறுத்தத்தின் முடிவில் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு 10 விழுக்காட்டை இலக்காக ஏற்றது. ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுகளுக்கான மையம் பிறந்ததும் அந்த ஆண்டில்தான்.

1973 வந்தது, போனது. இலக்கு எட்டப்படவில்லை. 1975இல் இரண்டாம் பாம் போராட்டம். எண்கள் சற்று ஏறி மறுபடி இறங்கின.

1987இன் தொடக்கத்தில் வளாகத்தில் நடந்தவை இன்று படித்தாலும் உடல் கூச வைப்பவை. கூஸன்ஸ் மாணவர் விடுதியில் கறுப்பினப் பெண்கள் கூடியிருந்த அறையின் கதவுக்கு அடியில் ஒரு துண்டறிக்கை தள்ளப்பட்டது. கறுப்பினத்தவரை வேட்டையாடும் பருவம் திறந்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. அடுத்து, வளாக வானொலியில் இனவெறி நகைச்சுவைகள் ஒலிபரப்பாகின. முதல் கிங் கருத்தரங்கு நடந்து முடிந்த சில வாரங்களுக்குள் இவை. மாணவர்கள் மூன்றாம் பாம் போராட்டத்தையும், இனவெறிக்கு எதிரான ஐக்கியக் கூட்டணி என்ற அமைப்பையும் கட்டினார்கள். ஜெஸ்ஸி ஜாக்சன் நேரில் வந்து இரு தரப்புக்கும் இடையே பேசினார். நிர்வாகம் அளித்த வாக்குறுதிகளுக்குப் பிறகும் ஒரு கோரிக்கை உயிரோடு இருந்தது: கிங் நாளில் பல்கலைக்கழகம் தன் வழக்கமான இயக்கத்தை நிறுத்த வேண்டும். மாணவர்கள் தாங்களே வகுப்புகளைப் புறக்கணித்து அன்று டீச்-இன் நடத்தினார்கள். ஓரிரு ஆண்டுகளில் நிர்வாகம் வழிக்கு வந்தது. ஆக, அந்தத் திங்கட்கிழமையின் ஓய்வு நிர்வாகம் கொடுத்த கொடையல்ல. வகுப்பைப் புறக்கணித்தவர்கள் பெற்றுக் கொடுத்தது.

அந்தக் கூட்டணியை வழிநடத்தியவர்களில் ஒருவர் பார்பரா ரான்ஸ்பி. அப்போது வரலாற்றில் ஆய்வு மாணவி. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிரான வளாகப் போராட்டத்திலும் முன்னின்றவர். பிற்காலத்தில் அவர் எழுதிப் புகழ்பெற்ற வாழ்க்கை வரலாறு கிங்குடையதல்ல, எல்லா பேக்கருடையது. இதை நான் தற்செயலாகக் கருதவில்லை. 1957இல் கிங் தலைமையில் உருவான தெற்குக் கிறித்துவத் தலைமை மாநாட்டின் அலுவலகத்தைத் தொடக்க ஆண்டுகளில் நடத்தியவர் எல்லா பேக்கர். ஒரே தலைவரைச் சுற்றி இயக்கம் கட்டுவதை அவர் ஏற்கவில்லை. எளிய மக்கள் தங்கள் தலைமையைத் தாங்களே வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவரது வாழ்நாள் கொள்கை. 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ நகர உணவகத்தில் நான்கு கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்து தொடங்கிய போராட்டம் தெற்கெங்கும் பரவியபோது, ஏப்ரலில் ஷா பல்கலைக்கழகத்தில் மாணவர்களைத் திரட்டியவர் அவர். மூத்தவர்களின் அமைப்புக்கு இளைஞர் பிரிவாகிவிடாதீர்கள், தனித்து நில்லுங்கள் என்று அந்த மாணவர்களிடம் சொன்னவரும் அவரே. 1986 டிசம்பர் 13 அன்று, தன் எண்பத்து மூன்றாவது பிறந்தநாளில் இறந்தார். அடுத்த மாதம் மிச்சிகனின் முதல் கருத்தரங்கு.

கிங்கின் பெயரில் ஒரு நாளைக் கேட்டுப் பெற்றவர்கள் எல்லா பேக்கரின் வழிவந்தவர்கள். அவர்களுடைய அமைப்பு வளாகத்தில் நிறுவிய மையத்துக்கும் எல்லா பேக்கர், நெல்சன் மண்டேலா இருவரின் பெயரையே சூட்டியது. தலைவரின் படத்தை மாட்டிக் கும்பிட அவர்களுக்கு ஒரு நாள் தேவைப்படவில்லை. பல்கலைக்கழகம் ஒருநாள் தன் வேலையை நிறுத்தித் தன்னையே பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். எந்த ஒரு நினைவு வாரத்தின் நேர்மையையும் அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இனிப் பத்து விழுக்காட்டுக்கு வருவோம். இங்கே இந்தியாவும், வியக்கத்தக்க வகையில் பழைய சென்னை மாகாணமும் கதைக்குள் வருகின்றன.

1959 பிப்ரவரியில் கிங், மனைவி கொரெட்டா, வரலாற்றுப் பேராசிரியர் லாரன்ஸ் ரெடிக் மூவரும் ஒரு மாதப் பயணமாக இந்தியா வந்தார்கள். டெல்லியில் நேருவோடு விருந்துண்டார்கள். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்களுக்குக் கல்லூரிச் சேர்க்கையில் தரப்படும் முன்னுரிமையைப் பற்றி நேரு விளக்கினார். அதுவும் ஒரு பாகுபாடு ஆகாதா என்று ரெடிக் கேட்டார். ஆகலாம், ஆனால் நூற்றாண்டுகளாக இழைத்த அநீதிக்கு நாங்கள் செய்யும் பிராயச்சித்தம் அது என்ற பொருளில் நேரு பதிலளித்தார். இந்த உரையாடலை கிங் மறக்கவேயில்லை. 1964இல் வெளிவந்த ‘ஏன் நாம் காத்திருக்க முடியாது’ என்ற நூலில் அதை எடுத்துச் சொல்லி, அமெரிக்காவும் தன் கறுப்பின மக்களுக்கு ஈடுசெய்யும் சிறப்புத் திட்டங்களைக் கொண்டுவர வேண்டும் என்று வாதிட்டார்.

அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளி. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்த பள்ளி அது. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம் சக தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்ததாகவும், பிறகு தன் நாட்டின் இரண்டு கோடிக் கறுப்பின மக்களை எண்ணியபோது ஆம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று உணர்ந்ததாகவும் 1965இல் தன் தேவாலயப் பிரசங்கம் ஒன்றில் கிங் சொன்னார்.

நேரு விளக்கிய அந்த முன்னுரிமைக்கு அரசியல் சட்டத்தில் இடம் உறுதியான கதை தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். 1920களிலேயே சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை நடைமுறைக்கு வந்தது. கல்லூரிச் சேர்க்கையில் அது செல்லாது என்று 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் நடத்திய கிளர்ச்சியால் மாகாணம் கொதித்தது. இரண்டே மாதத்தில் நேருவின் அரசு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து 15(4) பிரிவைச் சேர்த்தது. எட்டு ஆண்டுகள் கழித்து விருந்து மேசையில் நேரு கிங்கிடம் நிதானமாக விளக்கிய கொள்கைக்குப் பின்னால் சென்னைத் தெருக்களின் அந்த இரைச்சலும் இருந்தது.

ஆனால், நேருவின் சொல்லுக்கும் சென்னையின் சொல்லுக்கும் வேறுபாடு உண்டு. நேரு பேசியது பிராயச்சித்தம். கொடுப்பவரின் மனச்சாட்சி சார்ந்தது. வகுப்புவாரி உரிமை பேசியது பங்கு. பெறுபவரின் தலைக்கணக்கு சார்ந்தது. 1970இல் ஆன் ஆர்பர் மாணவர்கள் கேட்ட 10 விழுக்காடு இரண்டாவது வகை. மாநிலத்தில் நாங்கள் ஏறத்தாழ இத்தனை பேர், மாநிலத்தின் பல்கலைக்கழகத்திலும் ஏறத்தாழ இத்தனை இடம் என்ற எளிய கணக்கு அது. சென்னையின் கதையை அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே வகை அநீதி ஒரே வகைக் கணக்கைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

அமெரிக்க நீதிமன்றங்கள் மூன்றாவதாக ஒரு சொல்லைக் கொண்டுவந்தன. 1978இல் பாக்கி வழக்கில் நீதிபதி பவல், சமூகம் முழுவதும் இழைத்த பழைய அநீதியைக் காரணம் காட்டி ஒரு பல்கலைக்கழகம் இடம் ஒதுக்க முடியாது என்றார். வகுப்பறையில் பன்மை இருப்பது எல்லா மாணவர்களின் கல்விக்கும் நல்லது என்ற காரணத்தை மட்டும் அனுமதித்தார். அன்றிலிருந்து அநீதி, ஈடு, பங்கு என்ற சொற்கள் பல்கலைக்கழக ஆவணங்களிலிருந்து மெல்ல விலகின. பன்மைத்துவம் என்ற சொல் வந்து அமர்ந்தது. கிங் வாரங்கள் வளர்ந்தது இந்தச் சொல் செழித்த ஆண்டுகளில்தான். அழகான சொல்தான். ஆனால், யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் இல்லை.

பன்மையின் பெயரால் மிச்சிகன் உண்மையாகவே முயன்றது என்பதையும் சொல்ல வேண்டும். 1990களின் நடுவில் இளங்கலையில் கறுப்பின மாணவர்கள் 9 விழுக்காட்டை ஒட்டி வந்தார்கள். பத்தை எட்டவில்லை என்றாலும் அருகில் வந்த காலம் அதுதான். உடனே வழக்குகளும் வந்தன. 2003 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் அளித்தது. இளங்கலைச் சேர்க்கையில் 150 புள்ளிகளில் 20 புள்ளிகளைச் சிறுபான்மை மாணவர்களுக்குத் தானாகவே சேர்த்த முறை செல்லாது. சட்டக் கல்லூரி ஒவ்வொரு விண்ணப்பத்தையும் முழுமையாகப் பார்த்து இனத்தையும் ஒரு கூறாகக் கொள்வது செல்லும். டெட்ராய்ட்டில் கிங் நடந்து சரியாக நாற்பது ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

மூன்று ஆண்டுகளில் அதுவும் போனது. 2006 நவம்பரில் மிச்சிகன் வாக்காளர்கள் 58 விழுக்காடு ஆதரவோடு, அரசுக் கல்வி நிலையங்களில் இனத்தையோ பாலினத்தையோ கருதி முன்னுரிமை தருவதைத் தடைசெய்தார்கள். அந்த இயக்கத்தில் முன்னின்ற வார்டு கானர்லி, கலிஃபோர்னியாவில் 1996இல் அதே வகைத் தடையைக் கொண்டுவந்தவர். இத்தகைய தடைகளை ஆதரிப்பவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவது கிங்கைத்தான். தன் பிள்ளைகள் நிறத்தால் அல்லாமல் குணத்தால் மதிக்கப்படும் நாளைப் பற்றி அவர் வாஷிங்டனில் சொன்ன ஒற்றை வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, நிறத்தைப் பாராமல் இருப்பதே கிங்கின் விருப்பம் என்கிறார்கள். ஈடுசெய்யும் திட்டம் வேண்டும் என்று நேருவின் பதிலைச் சுட்டி அவர் எழுதிய பக்கங்கள், அந்தப் பேச்சுக்கு அடுத்த ஆண்டே அச்சில் வந்தவை. பேச்சைக் கேட்டவர்கள் கோடிக்கணக்கானோர். பக்கங்களைப் புரட்டியவர்கள் சிலர். ஒரு பல்கலைக்கழகம் அவருக்காக ஒரு வாரம் ஒதுக்கினால் அதன் முதல் கடமை அந்தப் பக்கங்களை மாணவர்களை உட்காரவைத்துப் படிக்கச் செய்வதுதான்.

தடையின் விளைவைப் பல்கலைக்கழகமே பின்னர் உச்ச நீதிமன்றத்தில் எழுத்தில் தந்தது. 2006இல் இளங்கலை மாணவர்களில் கறுப்பினத்தவர் 7.03 விழுக்காடு, 2021இல் 3.92 விழுக்காடு. இதே காலத்தில் மாநிலத்தின் கல்லூரி வயது மக்களில் அவர்களின் பங்கு 16இலிருந்து 19 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அதாவது வேலைநிறுத்தம் நடந்த 1970ஆம் ஆண்டின் நிலையை நோக்கிப் பல்கலைக்கழகம் நழுவிக்கொண்டிருந்தது. அந்தப் பதினைந்து ஆண்டுகளிலும் கிங் கருத்தரங்கு ஆண்டுதோறும் நடந்தது.

இந்தச் சரிவின் நடுவில்தான் 2014இன் படிக்கட்டு. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2013 நவம்பரில், மிச்சிகனில் கறுப்பினத்தவராக இருப்பது எப்படி இருக்கிறது என்று மாணவர்கள் ட்விட்டரில் எழுதத் தொடங்கி அது நாடெங்கும் பேசப்பட்டது. முந்நூறு பேர் அமரும் வகுப்பில் ஒற்றைக் கறுப்பின முகமாக உட்கார்ந்திருப்பவரின் அனுபவத்தைப் பன்மைத்துவம் என்ற சொல்லால் விவரிக்க முடியாது. எண்தான் அதைச் சொல்லும். மாணவர்கள் எண்ணுக்கே திரும்பினார்கள். கிங் நாளைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏனென்றால் வேறு எந்த நாளிலும் நிர்வாகம் அவ்வளவு பேர் முன்னிலையில் அவர்களைக் கேட்டாக வேண்டிய கட்டாயத்தில் இருக்காது. அந்த நாளை அதன் உண்மையான பொருளில் பயன்படுத்தியவர்கள் அவர்களே என்பேன்.

பேச்சுவார்த்தைகள் நடந்தன. கட்டடம் கிடைத்தது. வில்லியம் மன்றோ ட்ராட்டர் பெயரிலான பண்பாட்டு மையம் 2019இல் வளாகத்தின் நடுவே ஸ்டேட் தெருவில் திறக்கப்பட்டது. 1914இல் வெள்ளை மாளிகைக்குள் நின்று குடியரசுத் தலைவர் வில்சனிடம், அரசு அலுவலகங்களில் கறுப்பினத்தவரை ஏன் பிரித்து உட்காரவைக்கிறீர்கள் என்று வாதாடியதால் வெளியேற்றப்பட்ட பத்திரிகையாளர் அந்த ட்ராட்டர். அவர் பெயருக்குப் பொருத்தமான வழியில் வந்த கட்டடம். 2020 ஜனவரியில் ஹில் அரங்கில் ஏஞ்சலா டேவிஸ் பேசினார். 1970இல் நாட்டின் மிகத் தேடப்படும் குற்றவாளிகள் பட்டியலில் இருந்தவரை அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று முதன்மைப் பேச்சாளராக அழைக்கிறது. இதையும் ஒரு வெற்றியாகவே எண்ணலாம்.

பத்து விழுக்காடு மட்டும் வரவில்லை. 2014 ஏப்ரலில் மாநிலத்தின் தடை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 2023 ஜூனில் நாடு முழுவதற்குமே கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதும் முறையை முடித்துவைத்தது. 2025 மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழகம், நாட்டிலேயே பெரியவற்றில் ஒன்றாக இருந்த தன் பன்மைத்துவ அலுவலகத்தை மூடுவதாக அறிவித்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகப் பங்கு என்ற சொல்லுக்குப் பதிலாக நின்ற சொல்லும் இப்படி அரசியல் காற்றில் கீழிறக்கப்பட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அந்தச் சொல்லின் போதாமையை மேலே எழுதியிருந்தாலும், அதன் நிழலில் படித்து முடித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர்.

1994இல் அமெரிக்க நாடாளுமன்றம் கிங் நாளைத் தொண்டு நாளாக அறிவித்தது. அன்று பல கல்லூரிகளில் மாணவர்கள் பள்ளிச் சுவர்களுக்கு வண்ணம் அடிக்கிறார்கள், உணவுப் பொட்டலம் கட்டுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால், கிங் இறந்தபோது மெம்ஃபிஸில் இருந்தது வேலைநிறுத்தம் செய்த ஆயிரத்து முந்நூறு துப்புரவுத் தொழிலாளர்களோடு நிற்பதற்காக. அவர்கள் கேட்டது ஊதியத்தையும் தொழிற்சங்க அங்கீகாரத்தையும், பொட்டலத்தை அல்ல. ஆன் ஆர்பரில் 1970இல் உணவுக்கூடத் தொழிலாளர்கள் மாணவர்களின் மறியல் கோட்டைத் தாண்டாமல் நின்றது எனக்கு மெம்ஃபிஸின் தொடர்ச்சியாகவே தெரிகிறது.

2014இன் ஏழு கோரிக்கைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. பென்ட்லி காப்பகத்தில் உள்ள, பல்கலைக்கழகத்தின் இன உறவுகளைப் பற்றிய ஆவணங்களை எல்லோர் பார்வைக்கும் கொண்டுவர வேண்டும் என்பது அது. 1962இல் ஹில் அரங்கின் மேடையில் நின்ற கிங்கின் படங்கள் ஐம்பது ஆண்டுகள் தூங்கியது அந்தக் காப்பகத்தில்தான். 1970 வேலைநிறுத்தத்தின் தாள்களும் அங்கேதான் இருக்கின்றன. 1973க்குள் பத்து விழுக்காடு என்று அவற்றில் எழுதியிருக்கிறது.